வெறும் நாளில் எழுதிய ஆறு எண்கள்

என் அத்தை, அப்பாவின் தங்கை, இருபத்தாறு வருடமாக ஓர் எவர்சில்வர் பாத்திரத்தைக் காலியாக வைத்திருக்கும் வேலை பார்க்கிறாள். பாத்திரம் என்பது நான் வைத்த பெயர். அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் அதை சேம்பர் என்பார்கள். இரண்டு பேர் கைகோத்தால் கட்டிப் பிடிக்கலாம், அவ்வளவு பெரியது. சுற்றிலும் தடித்த கண்ணாடி ஜன்னல்கள், குழாய்கள், நூற்றுச் சொச்சம் போல்ட்டுகள். பம்ப்புகள் ஓயாமல் ஓடி உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உள்பாகம் எதையாவது யாராவது கையுறை இல்லாமல் தொட்டுவிட்டால் போதும். விரலின் எண்ணெய்ப் பசை வாரக்கணக்கில் ஆவியாகி அந்தக் காலி இடத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். அதனால் சேம்பரை ஒரு தடவை திறந்து மூடினால், அதன்மேல் சூடாக்கும் பட்டைகளைச் சுற்றி, அலுமினியத் தாளைப் போர்த்தி, இரண்டு நாள் சுடவைத்து, ஒட்டியிருக்கும் ஈரத்தையெல்லாம் அத்தை விரட்டுவாள்.

அம்மாவுக்கு இது தீராத வேடிக்கை. "உங்க தங்கச்சிக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது? ஒண்ணுமில்லாததுக்குக் காவல் இருக்கான்னா?" என்று அப்பாவைச் சீண்டுவாள்.

"காவல்னா சும்மாவா," என்பார் அப்பா. "அங்க திருடன் வந்தா எதையும் எடுத்துட்டுப் போக மாட்டான். வெச்சுட்டுப் போவான்."

அத்தையிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். ஒரே ஒரு தடவை, மெதுவாக. பிறகு, "உங்கப்பா சொன்னது சரிதான்," என்றாள்.

பள்ளிக்கூடம் முடிந்து, அடுத்து எதில் சேர்வது என்று முடிவு செய்ய முடியாமல் இருந்த ஏழு மாதம் நான் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். பஸ் நிற்கும் கொட்டகைக்கு எதிரே, இரண்டாவது மாடி, இரண்டு அறை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவாள், ஆனால் அபூர்வமாகத்தான் பேசுவாள். சத்தத்துக்குக் காரணம் பம்ப்புகள். ஆய்வுக்கூடத்தில் அவளுடைய அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே கைபேசி எடுக்காது. பம்ப்பு இரைச்சலில் யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள். கதவருகே வந்து ஏதோ கத்திச் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். எல்லாருக்கும் அவள் வால்வ் அக்கா. சொந்தப் பெயர் அங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவளுக்கே சந்தேகம். மதியச் சாப்பாட்டை சேம்பர் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அளவு காட்டும் முள்ளைப் பார்த்தபடியே சாப்பிடுவாள். இருபத்தாறு வருடமும் அப்படித்தான்.

அந்தக் காலி இடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். இது புரியாவிட்டால் அவளுக்கு நடந்தது புரியாது.

நட்சத்திரங்களுக்கு நடுவில் இருக்கும் வெளி முழுக்கக் காலி இல்லை. அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் திரிகின்றன. மிகவும் குறைவு. ஒரு தேக்கரண்டி அளவு இடத்தில் ஒன்றிரண்டு அணு மட்டுமே இருக்கும் பகுதிகள் நிறைய உண்டு. அவற்றோடு, கார்பனால் ஆன பெரிய மூலக்கூறுகளும் மிதக்கின்றன. தரையில் பதிக்கும் அறுகோண ஓடுகள் மாதிரி கார்பன் வளையங்கள் ஒன்றையொன்று ஒட்டித் தட்டையாக இருக்கும். அத்தையின் சேம்பரில் வைப்பது அப்படி ஒன்று, கொரோனீன் என்று பெயர். நடுவில் ஒரு வளையம், சுற்றி ஆறு. இருபத்து நான்கு கார்பன் அணுக்கள், ஓரத்தில் பன்னிரண்டு ஹைட்ரஜன். ஒரு ஹைட்ரஜனின் எடை ஒன்று என்று வைத்தால் இந்த மூலக்கூறின் எடை முந்நூறு.

இதன்மேல் இன்னும் ஹைட்ரஜன் எப்படிச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. வெளியில் திரியும் ஓர் அணு இந்த மூலக்கூறின்மேல் வந்து மோதுவதற்கே மாதங்கள் ஆகும், சில இடங்களில் வருடங்கள்கூட ஆகும். மோதினாலும் லேசில் ஒட்டாது. வளையத்தில் உள்ள கார்பன்கள் தங்களுக்குள் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கின்றன. புதிதாக வரும் அணுவுக்கு இடம் கொடுக்க, ஒரு கார்பன் தன் கூட்டத்தைவிட்டுக் கொஞ்சம் மேலே எழவேண்டும். வரும் அணுவுக்கு அது ஏறவேண்டிய ஒரு சின்ன மேடு. பெரும்பாலானவை ஏற முடியாமல் திரும்பிவிடும். ஒன்று ஏறிவிட்டால் நிலைமை மாறுகிறது. அந்த இடத்தில் பங்கு கலைந்துபோனதால், அடுத்து வரும் அணுவுக்கு அருகிலேயே திறந்த இடம் கிடைக்கிறது. அதற்கு மேடே இல்லை. இப்படி முந்நூறு, முந்நூற்று ஒன்று, முந்நூற்று இரண்டு என்று ஏறி, எல்லா இடமும் நிரம்பினால் எடை முந்நூற்று இருபத்து நான்கு ஆகும். சில சமயம் புதிதாக வரும் அணு தான் ஒட்டாமல், முன்பே ஒட்டியிருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஜோடியாகப் போய்விடும். நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களில் நிறைந்திருப்பவை இந்த ஹைட்ரஜன் ஜோடிகள்தான். அவை உண்டாகும் வழிகளில் இதுவும் ஒன்றாக இருக்கலாம் என்பதால்தான் இத்தனை பாடு.

சேம்பருக்குள் நன்றாகக் குளிரவைத்த ஒரு கறுப்புத் தட்டு. அதன்மேல் கொரோனீனை மெல்லிய படலமாகப் படியவைப்பார்கள். வெள்ளையாகத் தகிக்கும் ஒரு மெல்லிய குழல் வழியாக ஹைட்ரஜன் வாயுவை விட்டால் அது தனித்தனி அணுவாகப் பிரிந்து தட்டின்மேல் விழும். பிறகு தட்டைச் சூடாக்கினால் மூலக்கூறுகள் கிளம்பி வரும். ஒரு கருவி அவற்றை எடை பார்க்கும்.

இதில் ஒரு சிக்கல். கார்பன் அணுக்களிலேயே நூற்றுக்கு ஒன்று இயற்கையில் கொஞ்சம் கனமானது, ஒரு ஹைட்ரஜன் அளவுக்கு. ஒரு மூலக்கூறில் இருபத்து நான்கு கார்பன் இருப்பதால், ஐந்தில் ஒரு மூலக்கூறு எதுவும் ஒட்டாமலேயே முந்நூற்று ஒன்று எடை காட்டும். ஆகவே முதலில் ஒரு நாள் ஹைட்ரஜன் இல்லாமலே எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும். அதே தட்டு, அதே குழல், அதே சூடு. தானாகவே முந்நூற்று ஒன்றாக இருப்பவை எத்தனை என்று அன்று அளந்து, பிற்பாடு ஒவ்வொரு நாளின் அளவிலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். அந்த நாளுக்கு அத்தை வைத்த பெயர் வெறும் நாள். இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வெறும் நாளில் மிச்சம் மீதி ஹைட்ரஜன் வரக்கூடாது. வாயு வரும் குழாயைத் தனி பம்ப்பால் காலையிலிருந்து ஐந்து மணி நேரம் உறிஞ்சி எடுக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை அழுத்தத்தைப் பார்த்து, கெட்டி அட்டை போட்ட நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். ஆள் அறையை விட்டு வெளியே போனால், குழாய்க்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள வால்வை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். ஆள் இல்லாதபோது மின்சாரம் நின்றுபோனால் பம்ப்பின் எண்ணெய் ஆவி குழாய்க்குள் திரும்ப ஏறிவிடும். அத்தை வெறும் நாளில் அறையை விட்டு நகரவே மாட்டாள்.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, இந்தக் கொரோனீன் வேலையைச் செய்பவள், போன வருடக் கடைசியில் அடித்தளத்துக்கு இறங்கி வந்தாள். கிடைத்த காகிதத்திலெல்லாம் அறுகோணம் வரைந்துகொண்டிருப்பதால் மற்ற மாணவர்கள் அவளுக்குத் தேன்கூடு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆய்வேட்டை முடிக்க அவளுக்கு இன்னும் பத்து மாதமே பாக்கி இருந்தது. ஏற்கெனவே ஒரு வருடம் தாமதம்.

"அக்கா, நான் இங்க உட்கார்ந்து எழுதலாமா? மேல எல்லாரும் பேசிட்டே இருக்காங்க."

"இங்க இது பேசிட்டே இருக்குமே," என்றாள் அத்தை, பம்ப்பைக் காட்டி.

"இது என்னைப் பத்திப் பேசாதுல்ல?"

அப்படித்தான் ஆரம்பம். தேன்கூடு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். இருவரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை, இரைச்சலில் பேசவும் முடியாது. ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. "ஏதாவது கீழ விழுந்தா ரெண்டு பேர் திரும்பிப் பார்க்கறோம்," என்று அத்தை ஒருநாள் என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த விதத்தால், அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

புதிய வரிசை அளவுகள் தொடங்கும் முன் வெறும் நாள் வந்தது. பத்து மணிக்குக் குழாயை உறிஞ்ச ஆரம்பித்தாள். பத்தரை, பதினொன்று, பதினொன்றரை என்று எழுதினாள். அப்போது தேன்கூடு எழுந்தாள்.

"சாப்பிட வாங்க அக்கா."

"நான் இங்கயே சாப்பிட்டுக்குவேன்."

"தினமும் இந்தச் சத்தத்துலயா? ஒரு நாள் மேல வாங்க. பம்ப்பு எங்கயும் ஓடிடாது."

"ஓடறதுதான் அதோட வேலை."

"அப்ப அது வேலையை அது பார்க்கட்டும். நீங்க வாங்க. இருபது நிமிஷம்."

கடைசியாக யார் தன்னைச் சாப்பிடக் கூப்பிட்டது என்று அத்தை யோசித்துப் பார்த்தாளாம். நினைவுக்கு வரவில்லை. வால்வை மூடினாள், டப்பாவை எடுத்துக்கொண்டாள், படியேறினாள்.

மேலே சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேஜை. வெளியே மழை. பேச்சை ஆரம்பித்தது தேன்கூடுதான், ஆனால் பேசியது முழுக்க அத்தை. இந்த வேலையை ஒரு பழைய கையேட்டை வைத்துக்கொண்டு தானே கற்றுக்கொண்டது. முதல் வருடம் ஒரு போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கி உடைத்துவிட்டு மூன்று நாள் தூங்காதது. பெண் பார்க்க வந்தவர்கள் கதை.

"ரெண்டாவதா வந்தவர் கேட்டாரு, கல்யாணத்தன்னிக்கு உங்க பம்ப்பு நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன்னு சொன்னேன். அவர் சிரிச்சாரு. அவங்கம்மா சிரிக்கல."

தேன்கூடு சிரித்ததில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை அதற்கு முன் யாரையும் அப்படிச் சிரிக்கவைத்ததில்லை. இன்னொரு கதை சொன்னாள். பிறகு இன்னொன்று. கடிகாரத்தைப் பார்த்தபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது.

இறங்கி வந்தவள் முதலில் பார்த்தது மூடியிருந்த வால்வை. மூன்று மணி நேரம் குழாய் உறிஞ்சப்படவே இல்லை. உடனே திறந்துவிட்டாள். முள் கொஞ்சம் இறங்கியது, ஆனால் வழக்கமாக மூன்று மணிக்கு நிற்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை. பின்னாலேயே வந்த தேன்கூடு தட்டின் குளிர்ச்சியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"தட்டு ரெடியா இருக்கு அக்கா. ஆரம்பிக்கலாமா?"

அத்தை சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. வேண்டாம், நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் போதும். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால், சாப்பிடக் கூப்பிட்டது தன் தப்பு என்று அவள் நினைப்பாள். இனி வெறும் நாளென்ன, எந்த நாளிலும் கூப்பிட மாட்டாள். இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் அத்தையின் மனதில் ஓடியது. கொஞ்சம்தானே மிச்சம் இருக்கிறது, அது ஒன்றும் தெரியாது என்று தோன்றியது.

"ஆரம்பி," என்றாள்.

தேன்கூடு எடைக் கருவியின் முன் உட்கார்ந்து முதுகைக் காட்டியிருந்தபோது, அத்தை நோட்டைத் திறந்தாள். பன்னிரண்டு மணி, பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை. ஆறு வரிகள் காலியாக இருந்தன. ஆறு எண்களை எழுதினாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வெறும் நாளில் அந்த முள் எப்படி இறங்கும் என்று அவள் கைக்கே தெரியும்.

அதன்பிறகு ஐந்து வாரம் ஹைட்ரஜன் விட்டு அளந்தார்கள். கொஞ்சம் விட்டு ஒரு நாள், இன்னும் கொஞ்சம் விட்டு ஒரு நாள். அந்த ஐந்து வாரமும், அன்றைய வேலை முடிந்ததும், இருவரும் சேர்ந்து மேலே போய்ச் சாப்பிட்டார்கள். அத்தை புது டப்பா வாங்கினாள், இரண்டு அடுக்கு உள்ளது. வீட்டுக்கு வந்தால், "தேன்கூடு இன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா," என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பாள். அம்மா போன் பேசியபோது, "என்ன, உங்க அத்தை போனை வைக்கவே மாட்டேங்கறா?" என்று என்னிடம் ஆச்சரியப்பட்டாள்.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை தேன்கூடு கணினியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடி வந்தாள்.

"பாருங்க அக்கா. இது வரைக்கும் ஒண்ணுமே ஒட்டல, சுத்த பூஜ்யம். இன்னும் அதிகமா விட்டதுக்கு அப்புறம்தான் முந்நூத்தி ஒண்ணு தலை தூக்குது."

திரையில் ஒரு கோடு தரையோடு தரையாகப் போய், ஓர் இடத்தில் திடீரென்று மேலே ஏறியது.

"கழிச்ச பிறகா?" என்று கேட்டாள் அத்தை.

"ஆமா. வெறும் நாளை எல்லாத்துலேர்ந்தும் கழிச்சாச்சு. பூஜ்யத்துக்குக் கீழ போனதைப் பூஜ்யம்னே எடுத்துக்கிட்டேன்."

அப்போதே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. வெறும் நாளிலேயே மிச்ச ஹைட்ரஜன் குழல் வழியாகப் போய்ச் சில மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கிறது. அதையும் சேர்த்து "தானாகவே இருப்பது" என்று கழித்தால், குறைவாக விட்ட நாட்களில் உண்மையிலேயே ஒட்டியதும் கணக்கில் காணாமல் போய்விடும். அந்தத் தரைக்கோடு வானத்தில் நடப்பதைக் காட்டவில்லை, மூடியிருந்த வால்வைக் காட்டியது.

தேன்கூட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர் அன்று தானே கீழே இறங்கி வந்தார். அவர் அடித்தளத்துக்கு வருவது வருடத்துக்கு ஒருமுறை.

"கொஞ்சம் விட்டா கொஞ்சம் ஒட்டும், நிறைய விட்டா நிறைய ஒட்டும். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்று அவர் திரையைப் பார்த்தபடியே கத்தினார். "இங்க ஒரு அளவு வரைக்கும் முதல் அணு ஒட்டவே மாட்டேங்குது. நிஜம்னா பெரிய விஷயம். இல்லைன்னா நம்ம தப்பு." அத்தையின் பக்கம் திரும்பினார். "வெறும் நாள் சுத்தம்தானேம்மா?"

"நோட்டுல இருக்கு சார்."

"உங்க நோட்டுன்னா எனக்குக் கவலை இல்ல. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பிடலாம்."

அன்று மாலை வீட்டில், அத்தை சமைத்ததை எனக்குப் பரிமாறிவிட்டு, ஒரு காகிதத்தில் எதையோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு முள் நின்ற இடத்தை வைத்து, குழாயில் எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும், அதில் எத்தனை ஒட்டியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறாள். தரைக்கோடு எங்கே முடிந்ததோ, அந்த இடத்திலேயே கணக்கும் வந்து நின்றது. "அது வேற எங்கயாவது வந்திருந்தா எனக்குச் சந்தேகம் மிச்சம் இருந்திருக்கும்," என்றாள் பிற்பாடு. "சந்தேகம் இருந்தா சும்மா இருந்திருப்பேன்."

செவ்வாய்க்கிழமை சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. புதன்கிழமை சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்தாள். அதற்குள் தேன்கூடு ஒரு தாளை நீட்டினாள்.

"உங்க பேரைப் போட்டிருக்கேன் அக்கா. நாலாவதா. சார்கிட்ட சொல்லிட்டேன்."

கட்டுரையின் முதல் பக்கம். தலைப்புக்குக் கீழே நான்கு பெயர்கள். கடைசியில் அத்தையின் முழுப் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். அவளோடு வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், யாரும் அவள் பெயரைப் போட்டதில்லை. "பேர் யார்கிட்ட கேட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆபீஸ்ல போய்க் கேட்டேன். அவங்களே பழைய ஃபைலைத் தேடித்தான் சொன்னாங்க."

அந்தத் தாளை மடிக்காமல் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எனக்குக் காட்டினாள். நான் சந்தோஷப்பட்டேன். அவள், "சாப்பிடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சொன்னாள். அடித்தளத்தில், பம்ப்புகள் ஓட. மெதுவாகச் சொல்ல நினைத்தாள், அங்கே எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது.

"அந்த வெறும் நாள் சுத்தமில்லை."

"என்னக்கா?"

"வெறும் நாள். சுத்தமில்லை. குழாய் வால்வை மூடிட்டுத்தான் மேல வந்தேன்."

"எப்ப?"

"நாம முதல்ல சாப்பிடப் போனமே, அன்னிக்கு. மூணு மணி நேரம் மூடியே இருந்துச்சு."

தேன்கூடு நோட்டை எடுத்துப் புரட்டினாள். "நம்பரெல்லாம் இருக்கே."

"நான் எழுதினது."

"அளந்துதானே எழுதினீங்க?"

"இல்லை."

தேன்கூடு அந்த ஆறு வரிகளையும் விரலால் எண்ணினாள். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள்தானே அக்கா போயிருக்கும்? மறுநாள் திரும்பச் செஞ்சிருப்போமே," என்றாள்.

"சொன்னா நீ மறுபடி சாப்பிடக் கூப்பிட மாட்டேன்னு நினைச்சேன்."

"இதுக்காகவா?"

"இதுக்காகத்தான்."

தேன்கூடு ஏதோ சொன்னாள். இரைச்சலில் அத்தைக்குக் கேட்கவில்லை. என்ன என்று திரும்பக் கேட்கத் தைரியம் வரவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தேன்கூடு படியேறிப் போனாள்.

பேராசிரியர் மதியம் கூப்பிட்டனுப்பினார். அத்தை எதிர்பார்த்த மாதிரி அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொன்னார். "வேற எந்த நாள்ல இப்படி எழுதினீங்க?" என்று கேட்டார்.

"வேற எந்த நாளும் இல்ல சார்."

"நான் நம்பறேன்." தேன்கூடு கொண்டுவந்திருந்த நோட்டை மூடி வைத்தார். "ஆனா இனிமே நான் நம்பறது மட்டும் போதாதும்மா. நோட்டுல ரெண்டு கையெழுத்து வேணும். அளந்து சொல்றவங்க ஒருத்தர், பக்கத்துல இருந்து எழுதறவங்க ஒருத்தர்."

"சரி சார்."

"வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

அதற்குத் தான் பயப்படவே இல்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. எழுந்து வெளியே வந்தாள்.

கட்டுரை வெள்ளிக்கிழமை போகவில்லை. சேம்பரை நடுவில் திறக்காததால், ஐந்து வாரத்து அளவுகள் அப்படியே செல்லும். வெறும் நாளை மட்டும் மறுபடி செய்து, அதைப் புதிதாகக் கழித்துப் பார்த்தால் போதும். அதைத் திங்கட்கிழமை செய்வதென்று முடிவானது.

திங்கட்கிழமை தேன்கூடு சரியாகப் பத்து மணிக்கு வந்தாள். நாற்காலியை அளவு முள்ளுக்கு எதிரே இழுத்துப் போட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அத்தை முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும், அவள் எட்டிச் சரிபார்த்துவிட்டு எழுத வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்தரை. பதினொன்று. எண்ணைத் தவிர அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தேன்கூடு திரும்பச் சொன்னதும் அந்த எண்ணைத்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று அத்தைக்குத் தோன்றியது. முன்பின் தெரியாத ஓர் ஆளோடு லிஃப்டில் நிற்கும்போது முகத்தை வைத்துக்கொள்வோமே, அப்படி வைத்துக்கொண்டிருந்தாளாம்.

பதினொன்றரைக்கு எழுதி முடித்ததும் தேன்கூடு பேனாவை மூடினாள்.

"நீங்க முதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க அக்கா. நான் அப்புறம் போறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போக வேண்டாம்."

"ஆமா. அதான் சரி," என்றாள் அத்தை.

டப்பாவை எடுத்துக்கொண்டு படியேறினாள். ஐந்து வாரமாகப் பழகிப்போன ஜன்னலோர மேஜையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கதவுப் பக்கம் ஓர் இடம் கிடைத்தது. ஒரு அடுக்கை மட்டும் திறந்து, பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு இறங்கினாள். தேன்கூடு எழுந்து போய், அவளும் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். பன்னிரண்டு மணி எண்ணை அத்தை சொன்னாள், அவள் எழுதினாள். மூன்று மணிக்கு முள் வழக்கமான இடத்தில் நின்றது.

மறுநாள் புதிய வெறும் நாளைக் கழித்துப் பார்த்தபோது தரைக்கோடு இல்லை. பூஜ்யத்திலிருந்தே ஒரு சின்னச் சரிவாக, நேராக, கோடு மேலே போயிற்று. மிகக் கொஞ்சமாக ஹைட்ரஜன் விட்ட நாளிலும், மிகக் கொஞ்சம் மூலக்கூறுகளில் முதல் அணு ஒட்டியிருந்தது. மற்ற ஆய்வுக்கூடங்கள் சொன்னதும் அதைத்தான். புதிதாக ஒன்றும் இல்லை. ஆய்வேட்டில் அது ஒரு சாதாரண அத்தியாயமாகத்தான் வரும்.

தேன்கூடு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "முதல்லேர்ந்தே ஒட்டியிருக்கு," என்றாள். "நாமதான் கழிச்சுட்டோம்."

நாம என்று அவள் சொன்னதை அத்தை கவனித்தாள். ஆனால் அதை அவள் அத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை, திரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகும் தேன்கூடு நாலு மாதம் அடித்தளத்துக்கு வந்தாள். அளவு எடுக்கும் நாளெல்லாம் வந்தாள், மரியாதையாகப் பேசினாள், எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். காய்ச்சலில் அத்தை இரண்டு நாள் போகாதபோது, மாத்திரை சாப்பிட்டீர்களா என்று செய்திகூட அனுப்பினாள். சாப்பாட்டுக்கு மட்டும் ஒருவர் போய் வந்த பிறகே இன்னொருவர் போனார்கள். அளவு இல்லாத நாட்களிலும் அப்படியே வழக்கமாகிவிட்டது. யாரும் அப்படி ஒரு விதி போடவில்லை.

இதையெல்லாம் அத்தை எனக்குச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி உலர்த்திக்கொண்டே. கீழே பஸ்கள் கிளம்பும் சத்தத்துக்கு மேல் அவள் குரல் நன்றாகக் கேட்டது.

"ஒரே நேரத்துல போக வேண்டாம்னு அவ சொன்னது சரிதான்," என்றாள். ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்த துணியை எடுக்கக் குனிந்தவள், எடுக்காமல் நிமிர்ந்தாள்.

"சரிதான்," என்று மறுபடியும் சொன்னாள்.